சிலிண்டர் காலி, மூக்கு அடைப்பு, ஒரே ஒரு குக்கர்: என்ன செய்து சாப்பிடலாம்?

ஓசூர் தற்காலிக ஒண்டிக்கட்டை | வியாழன், மாலை 6.10

வணக்கம். முதலில் நிலைமை, அப்புறம் கேள்வி.

மனைவி தலைப்பிரசவத்துக்காக நாங்குநேரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. இதுவரை கம்பெனி கேன்டீன் புண்ணியத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ஷிஃப்ட் முடிந்து மழையில் நனைந்துகொண்டே பைக்கில் வந்தேன். காலையில் எழுந்தால் எச்சில் விழுங்க முடியவில்லை, மூக்கு அடைப்பு, உடம்பு கதகதவென்று இருக்கிறது. இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன். ஒரு ரசமாவது வைப்போம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அணைந்துவிட்டது. சிலிண்டர் காலி. புக் செய்தாயிற்று, சனிக்கிழமை வருமாம்.

கல்யாணத்துக்கு வந்த இண்டக்ஷன் அடுப்பு ஒன்று பரணில் இருந்தது. அட்டைப்பெட்டியிலிருந்து இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் கீச்கீச் என்று கத்துகிறது. கடைசியில் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தைப் பிடுங்கி ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது இரண்டே இரண்டில்: 3 லிட்டர் எவர்சில்வர் குக்கர், இரும்பு தோசைக்கல். மற்றதெல்லாம் அலுமினியம். இரும்புத் தாளிப்புக் கரண்டியிலும் காந்தம் ஒட்டுகிறது, ஆனால் அடி சின்னது என்பதால் அடுப்பு அதைக் கண்டுகொள்வதே இல்லை.

வீட்டில் இருப்பது: பொன்னி புழுங்கல் அரிசி நிறைய, பாசிப்பருப்பு அரை டம்ளர், ரவை கால் கிலோ. உளுந்து, கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மல்லி, மிளகாய் வற்றல், மஞ்சள்தூள், பெருங்காயம், புளி எல்லாம் டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கிறாள், குழப்பம் இல்லை. பூண்டு ஒன்று முழுசாக. சுருங்கிப்போன இஞ்சி ஒரு விரல் நீளம். சின்ன வெங்காயம் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. எலுமிச்சம்பழம் ஒன்று, தட்டினால் டொக் என்கிறது. தயிர் அரை லிட்டர், வாங்கி ஆறு நாள், மூடியைத் திறந்தாலே கண் கூசுகிறது. ஆவின் பால் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று. மாமியார் கொடுத்தனுப்பிய கருப்பட்டி நான்கு. நல்லெண்ணெய் உண்டு. தேங்காய், தக்காளி, காய் எதுவும் கிடையாது.

அப்புறம் பெயர் எழுதாத ஒரு டப்பாவில் வெள்ளை மாவு. அரிசி மாவா, கோல மாவா தெரியவில்லை. அவளைக் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பாள், குரலை வைத்தே சளி பிடித்திருப்பதைக் கண்டுபிடிப்பாள். ஒன்பதாம் மாதம், அங்கே ஒன்றும் தெரிய வேண்டாம்.

சூடாக, தொண்டைக்கு இதமாக ஏதாவது வேண்டும். எனக்குத் தெரிந்த சமையல் நூடுல்ஸ், ஆம்லெட், சோறு. அளவை டம்ளர் கணக்கில் சொல்லுங்கள். 'தேவையான அளவு' என்றால் எனக்குக் கை நடுங்கும்.

பைபாஸ் ரைடர் | 6.25

ப்ரோ, ஆப்பைத் திறங்க, இட்லி ஆர்டர் போடுங்க, வேலை முடிஞ்சுது.

ஓசூர் தற்காலிக ஒண்டிக்கட்டை | 6.31

திறந்தேன். வெளியே கொட்டுகிற மழைக்கு எல்லாக் கடையும் சாம்பல் நிறத்தில் தூங்குகிறது. ஒரே ஒரு ஐஸ்கிரீம் கடை மட்டும் 25 நிமிடத்தில் வருகிறேன் என்கிறது.

கல்லிடைக்குறிச்சி ஆச்சி | 6.52

தம்பி, நாங்குநேரி மாப்பிள்ளையா? அப்படியானால் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைதான். இவ்வளவு சாமானை வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்கிறீர்களே. நான் பிள்ளைகளை வளர்த்த காலத்தில் இந்தப் பட்டியலுக்கு மளிகைக்கடை என்று பெயர்.

இன்றைக்குப் பூண்டுக் கஞ்சி. அரை டம்ளர் அரிசியையும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பையும் தோசைக்கல்லில் போட்டு, கை பொறுக்கிற சூடு வரும்வரை புரட்டுங்கள். நிறம் மாற வேண்டாம், வாசம் வந்தால் போதும். ஆறியதும் அரிசியை மட்டும் மிக்ஸியில் இரண்டே சுற்று. ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக உடைய வேண்டும், அதுதான் நொய். மூன்றாவது சுற்று ஆசைப்பட்டீர்களானால் மாவாகி, குக்கரில் அடிப்பிடித்து, சனிக்கிழமை வரை தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நொய், பருப்பு, உரித்த பூண்டு பத்துப் பல் முழுசாக, வெந்தயம் அரை ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, தண்ணீர் ஐந்து டம்ளர். மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். அது வாசத்துக்கு மட்டும் இல்லை, பொங்குவதை அடக்கும். குக்கரில் பாதிக்கு மேல் எதுவும் போகக் கூடாது. கஞ்சி நுரைத்து மேலே ஏறி விசில் துவாரத்தை அடைத்துக்கொண்டால் வம்பு. ஆவி வரும்வரை அடுப்பைக் கூட்டி வையுங்கள், வெயிட் போட்டதும் குறைத்துவிடுங்கள். நான்கு விசில். அப்புறம் கை வைக்காமல் தானாக அடங்க விடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் கஞ்சி கஞ்சியாகிறது. திறந்து, உப்புப் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் பூண்டை மசித்துவிடுங்கள். கெட்டியாக இருந்தால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள உளுந்துத் துவையல். அதே தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் உளுந்து, மூன்று வற்றல். உளுந்து பாதி சிவந்ததும் கல்லை இறக்கிவிடுங்கள். இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மீதிப் பாதி தானாகச் சிவக்கும். அடுப்பிலேயே முழுக்கச் சிவக்க விட்டால் இறக்குவதற்குள் கருகிக் கசந்துபோகும். இதோடு சுண்டைக்காய் அளவு புளி, பூண்டு இரண்டு பல், உப்பு, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொரகொரவென்று அரையுங்கள். எங்கள் ஊரில் தேங்காய் வைப்போம். இல்லாவிட்டால் குடி முழுகிப்போகாது.

எங்கள் ஊர் என்றால் அப்பளம் சுட்டுக் கஞ்சிக்குள் நொறுக்கிப் போட வேண்டும். உங்கள் அடுப்பில் தீயே கிடையாது, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

அந்த வெள்ளை மாவு: வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுங்கள். அரிசி மாவு என்றால் இரண்டு நிமிடத்தில் கூழாகும். கல் மாவு என்றால் அடியில் போய் மணலாக உட்காரும்.

காய்ச்சல் சனிக்கிழமைக்குள் விடவில்லை என்றால் கஞ்சியை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பனிநாட்டு யாழ்ப்பாணத்தான் | 7.20

இங்கே டொரொன்டோவில் இப்பதான் விடிஞ்சு காலைச் சாப்பாட்டு நேரம். ஆச்சியின்ர கஞ்சியை வாசிச்ச பிறகு என்ர சீரியல் இறங்க மாட்டன் எண்டுது.

தடிமனுக்கு, அதுதான் உங்கட சளிக்கு, எங்கட வீட்டில் மல்லித்தண்ணிதான். இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வாசம் வரும்வரை வறுத்து, அரைகுறையாக இடிச்சு, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப்போட்டு, மூன்று டம்ளர் தண்ணி விட்டு, அது ஒன்றரை டம்ளராக வற்றும்வரை கொதிக்கவிடுங்கோ. வடிச்சுச் சுடச்சுடக் குடியுங்கோ. சீனி போடுறதில்லை. பனங்கட்டியில் ஒரு துண்டை வாயில் வைத்துக்கடிச்சபடி குடிக்கிறது. உங்கட கருப்பட்டிதான் எங்கட பனங்கட்டி, அதனால் உங்களிட்ட எல்லாம் இருக்கு.

இன்னொன்று. சொதி வைக்கத் தேங்காய்ப்பால் இல்லையே எண்டு யோசிக்க வேண்டாம். இங்கே வந்த முதல் மாரியில், பஸ்ஸில் போய்த் தேங்காய்ப்பால் டின் வாங்கிற தெம்பு இல்லாமல், அம்மா பசுப்பாலில்தான் சொதி வைச்சவ. நான்கைந்து வெங்காயம், வெந்தயம் கொஞ்சம், மஞ்சள், வற்றல் ஒன்று, ஒரு டம்ளர் தண்ணியில் அவிய விட்டு, பிறகு ஒரு டம்ளர் பால். ஒரு கொதி வரேக்கை இறக்கிப்போடுங்கோ. உப்புப் போட்டு, கொஞ்சம் ஆறின பிறகுதான் தேசிக்காய்ப் (எலுமிச்சம்பழப்) புளி. அடுப்பில் இருக்கேக்கை புளி விட்டால் திரைஞ்சுபோகும். தேங்காய்ப்பால் சொதியின்ர ருசி வராது, உண்மையைச் சொல்லவேணும். ஆனால் சோத்துக்கு விட்டுக் குழைச்சால் காய்ச்சல்காரனுக்கு நல்லாய் இறங்கும்.

கல்லிடைக்குறிச்சி ஆச்சி | 7.34

சொதி என்றதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் திருநெல்வேலியிலும் கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்குச் சொதிதான். நாங்கள் பாசிப்பருப்பும் காயும் போட்டு மூன்று பால் பிழிந்து வைப்போம், சோற்றுக்குத்தான் ஊற்றுவோம். உங்கள் சொதி தண்ணியாக, இடியாப்பத்துக்கு இருக்கும். பெயர் ஒன்று, குணம் வேறு.

ஓசூர் தற்காலிக ஒண்டிக்கட்டை | இரவு 9.48

கஞ்சி வந்துவிட்டது ஆச்சி. மிக்ஸியில் மூன்றாவது சுற்றுக்குக் கை போனது, இழுத்துக்கொண்டேன். குக்கரைத் திறந்ததும் வந்த வாசத்தில் அடைத்திருந்த மூக்கில் ஒரு பக்கம் திறந்தது. துவையலில் உளுந்து நீங்கள் சொன்ன மாதிரியே கல்லை இறக்கியபின் சிவந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், மாயம் மாதிரி இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன், மீதியை மூடி வைத்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். டொரொன்டோ அண்ணன் சொன்ன மல்லித்தண்ணியை விட்டுவிட்டு, நானாக ஒரு ஐடியா செய்தேன். பால் இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் இஞ்சிக் கருப்பட்டிப் பால்தானே? அம்மிக்குழவியால் உடைத்த கருப்பட்டி அரை, தட்டிய இஞ்சி, அரை லிட்டர் பால், எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் ஊற்றி அடுப்பைக் கூட்டினேன். கொதி வருவதற்கு முன்பே ஓரத்தில் சிறு சிறு கட்டி. கரண்டியை விட்டுக் கலக்கினால் நடுவிலும் கட்டி. இப்போது குக்கரில் பழுப்பு நிறத் தண்ணீரும் அதில் மிதக்கிற பஞ்சுத் துண்டுகளும் இருக்கின்றன. பால் கெட்டுப்போன பாலா? பாக்கெட்டில் நாளைய தேதிதான் போட்டிருக்கிறது. வீட்டில் இருந்த ஒரே பாக்கெட்.

பால் சொசைட்டி வீட்டுப் பையன் | 10.15

அண்ணா, கீழே கொட்டிவிடாதீர்கள்! பால் மேல் தப்பே இல்லை. அப்பா ஊரில் பால் சொசைட்டியில் இருந்தார், நான் படித்ததும் பால்வளம்தான். அதனால் இந்தக் கேள்விக்குத் தூக்கத்திலும் பதில் சொல்வேன்.

பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டுகிற ஒரு நொதி இருக்கிறது. கறியை இஞ்சி விழுதில் ஊறவைத்தால் மெத்தென்று ஆகிறதே, அதே வேலைதான். பால் வெதுவெதுப்பிலிருந்து ஏறி 60, 70 டிகிரிக்கு வரும்போது அது மும்முரமாக வேலை செய்து பாலைத் திரித்துவிடும். கொதிநிலைக்குப் போனால் நொதி செத்துவிடும், ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிடும். நீங்கள் குளிர்ந்த பாலிலேயே இஞ்சியைப் போட்டதால் அதற்கு நல்ல அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள். டீக்கடையில் கவனித்துப் பாருங்கள், இஞ்சியை முதலில் டீத்தண்ணீரில் கொதிக்கவிட்டுத்தான் பால் சேர்ப்பார்கள்.

இரண்டாவது குற்றவாளி கருப்பட்டி. கருப்பட்டி, வெல்லம் இரண்டிலும் லேசான புளிப்பும் உப்புகளும் உண்டு. கொதிக்கிற பாலில் போட்டால் திரிய வாய்ப்பு அதிகம். தனியாகக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாலை இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்தபின் சேர்க்க வேண்டும். வடிகட்டுவது அவசியம். பதநீர் இறக்குகிற கலயத்தில் புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவுவார்கள், அதோடு தூசு மண்ணும் கருப்பட்டியில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

சீனாவில் குவாங்தோங் பக்கம் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். கிண்ணத்தில் இஞ்சிச்சாறு, அதன் மேல் 70 டிகிரி அளவில் சூடான சர்க்கரைப் பால். ஊற்றிவிட்டு அசைக்காமல் வைத்தால் சில நிமிடத்தில் தயிர் மாதிரி உறைந்துவிடும், ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுவார்கள். நீங்கள் கரண்டியை விட்டுக் கலக்கியதால் பஞ்சாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: இஞ்சித் துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். மூடாமல், அடுப்பை நடுத்தரத்தில் வைத்து, தண்ணீர் வற்றும்வரை காய்ச்சுங்கள். அரை மணி நேரம் ஆகும். கடைசிப் பத்து நிமிடம் அடுப்பைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள், இண்டக்ஷனில் நடுப்பகுதிதான் முதலில் பிடிக்கும். திரண்டு வரும். திரட்டுப்பால் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

ஓசூர் தற்காலிக ஒண்டிக்கட்டை | 11.20

தம்பி, நீங்கள் நல்லா இருக்கணும். அரை லிட்டர் பால் ஒரு சின்னக் கிண்ணம் ஆனது. பழுப்பாக, மணல் மணலாக, கொஞ்சம் காரம். தொண்டை வலியோடு நின்றுகொண்டே குக்கரிலிருந்து வழித்து முக்கால் கிண்ணத்தைத் தின்றுவிட்டேன். இதைச் செய்யத் திட்டமிட்டிருந்தால் நிச்சயம் வந்திருக்காது.

கும்பகோணம் டிகிரி | வெள்ளி, காலை 7.05

அந்தப் புளித்த தயிரை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு நாள் தயிர் என்பது மோர்க்களிக்கு வரம் சார். அந்த மாவு அரிசி மாவாக இருந்தால் இன்று காலை உங்களுக்கு யோகம்.

ஒரு டம்ளர் மாவு, ஒரு டம்ளர் தயிர், இரண்டு டம்ளர் தண்ணீர், உப்பு. கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். குக்கரில் நல்லெண்ணெய் தாராளமாக நான்கு ஸ்பூன், கடுகு, உளுந்து, மோர் மிளகாய் இருந்தால் அது, இல்லாவிட்டால் வற்றல், பெருங்காயம். பொரிந்ததும் கரைசலை ஊற்றிக் கிண்டுங்கள். கை வலிக்கும். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி அப்படியே சூடாகச் சாப்பிட வேண்டும். ஆறினால் அது வேறு வஸ்து. ஒரு நிபந்தனை: தயிரில் புளிப்பு மட்டும்தான் இருக்க வேண்டும். மேலே பச்சையோ சிவப்போ பூஞ்சை தெரிந்தாலும், கசந்தாலும் அப்படியே கொட்டிவிடுங்கள்.

ஓசூர் தற்காலிக ஒண்டிக்கட்டை | 7.40

தயிர் பாஸ். புளிப்பு மட்டும்தான், ஆனால் அது முழங்கை வரைக்கும் ஏறுகிறது.

மாவு ஃபெயில். ஆச்சி சொன்ன மாதிரி காய்ச்சினேன். தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீராக வெளுத்தது, கூழாகவில்லை. அடியில் விரலை வைத்தால் நறநற. மோர்க்களி கையில் வந்து வாசலுக்குப் போய்விட்டது.

கும்பகோணம் டிகிரி | 7.52

மனசு உடைந்துவிட்டது. சரி, ரவை இருக்கிறதல்லவா? ஒரு டம்ளர் ரவை, அரை டம்ளர் தயிர், முக்கால் டம்ளர் தண்ணீர், உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம் ஐந்து, இடித்த மிளகு சீரகம் ஒரு ஸ்பூன். இருபது நிமிடம் ஊறட்டும். ரவை தண்ணீரையெல்லாம் குடித்திருக்கும், இட்லி மாவு பதத்துக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். கல்லில் கனமாக, சின்னதாக ஊற்றி, எண்ணெய் விட்டு, மூடி வையுங்கள். ரவா ஊத்தப்பம். நேற்றைய துவையல் மிச்சம் இருந்தால் அதுவே போதும்.

பெரிதாக ஊற்றாதீர்கள். இண்டக்ஷனில் கல்லின் நடுவட்டம் மட்டும்தான் காயும், ஓரம் பச்சையாக நிற்கும். எடுத்தவுடன் சூட்டை முழுக்கக் கூட்டவும் வேண்டாம், வார்ப்பிரும்புக் கல் என்றால் விரிசல் விடலாம். மெதுவாக ஏற்றுங்கள்.

மதுரைக்காரி | 8.10

ஊத்தப்பம் எல்லாம் சரி. ரசம் வைக்கத்தானே முதலில் அடுப்பைப் பற்றவைத்தீர்கள்? அதை எல்லோரும் மறந்துட்டாங்களே!

நெல்லிக்காய் அளவு புளி, மூன்று டம்ளர் தண்ணீர். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், மல்லி ஒரு ஸ்பூன், பூண்டு நான்கு பல், நைசாக இல்லாமல் ஒன்றிரண்டாக இடியுங்கள். தாளிப்புக் கரண்டிதான் வேலைக்கு ஆகாதே, அதனால் முதலில் குக்கரிலேயே தாளித்துவிடுங்கள்: எண்ணெய், கடுகு, வற்றல் ஒன்று, பெருங்காயம். அதில் புளித்தண்ணீர், மஞ்சள், உப்பு. பச்சை வாசம் போகக் கொதித்ததும் இடித்ததைப் போடுங்கள். அதன்பிறகு கொதிக்க விடவே கூடாது. ஓரத்திலிருந்து நுரை கூடி நடுவுக்கு வரும், அந்த நொடியில் அணைத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் இண்டக்ஷனை அடிச்சுக்க முடியாது, பட்டனை அமுக்கினால் அடுத்த நொடி அடங்கிவிடும். மேலே அரை எலுமிச்சம்பழம் பிழியலாம், டொக் என்று சத்தம் போடுகிற பழத்தில் சாறு இருந்தால். கல்லுப் பழத்தைப் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு வைத்துவிட்டு உருட்டிப் பாருங்கள்.

ஒரு டம்ளர் அப்படியே குடியுங்கள். மீதி சோற்றுக்கு.

ஓசூர் தற்காலிக ஒண்டிக்கட்டை | வெள்ளி, இரவு 8.30

முதல் ஊத்தப்பம் கல்லோடு குடித்தனம் நடத்தியது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது வந்தது, அதன்பின் ஐந்தும் நன்றாகவே வந்தன. புளிப்பு, மிளகுக் காரம், அடியில் சிவந்த முறுகல். வெங்காயம் இன்னும் ஆறு மிச்சம், ஆனால் பால் இல்லை, அதனால் சொதி அடுத்த மழைக்கு.

ரசம் இரண்டு முறை வைத்தேன். மதியம் வைத்ததில் நுரைக்குக் காத்திருந்து போனைப் பார்த்துவிட்டேன், தளதளவென்று கொதித்துவிட்டது. குடிக்கலாம், ஆனால் வெறும் புளித்தண்ணீர் மாதிரி வாசமே இல்லை. சாயங்காலம் மறுபடி வைத்து, பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றேன். நுரை ஓரத்தில் வெள்ளையாகக் கட்டி, மெதுவாக உள்ளே நகர்ந்து, நடுவில் ஒரு ரூபாய் அளவு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அமுக்கினேன். அதே புளி, அதே மிளகுதான், வீடு முழுக்க மணம். மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து "ஆள் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது மல்லித்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கிறது, கருப்பட்டி தனியாகக் கையில் இருக்கிறது, பாலுக்கு வெகுதூரத்தில்.

ஓசூர் தற்காலிக ஒண்டிக்கட்டை | சனி, பகல் 12.15

சிலிண்டர் வந்துவிட்டது. குட்டும் உடைந்துவிட்டது.

காலையில் வீடியோ காலில் பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன். என் மூக்கையோ குரலையோ அவள் கவனிக்கவே இல்லை. "கோல மாவு டப்பா ஏன் அடுப்பு மேல இருக்கு? அதுக்குள்ள ஏன் ஸ்பூன் இருக்கு?" என்றாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஐந்து நிமிடம் சிரித்தாள், அப்புறம் பின்னால் இருந்து மாமியாரின் குரல். இன்று ராத்திரி பஸ்ஸில் வருகிற தெரிந்தவர் ஒருவரிடம் உளுந்தங்கஞ்சி மாவு கொடுத்துவிடுகிறாராம். கறுப்பு உளுந்து, கொஞ்சம் அரிசி, வெந்தயம், சுக்கு எல்லாம் வறுத்து அரைத்ததாம். எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டதற்கு "தேவையான அளவு" என்றார்.

ஆச்சி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி ஆச்சி | 12.40

ஒரு ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு. முதலில் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள், கொதிநீரில் நேராகப் போட்டால் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் கரைசலை ஊற்றிக் கிண்டுங்கள். எட்டுப் பத்து நிமிடம், பச்சை வாசம் போய்ப் பளபளப்பு வரும்வரை. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கடைசியில் சேருங்கள். தேங்காய் ஒரு மூடி வாங்கி வையுங்கள். பாலாகப் பிழிய வேண்டாம், துருவி மேலே தூவினால் போதும்.

காலையில் குடியுங்கள், ராத்திரியில் வேண்டாம், உளுந்து வயிற்றில் கனமாகத் தங்கும். தீ இருக்கிற அடுப்பு வந்துவிட்டதால் அப்பளம் வாங்கிச் சுட்டுப் பழகுங்கள். இடுக்கியில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும், ஒரே பக்கம் காட்டினால் சுருண்டுவிடும்.

அந்த டப்பாவில் பெயர் எழுதியாயிற்றா?